பல்கலைக்கழக ஐடி செலவை யார் தலையில் கட்டுவது? ஜனவரிக்குள் விலைப்பட்டியல் கேட்கிறார்கள்

யஷ்வந்த்பூர் தமிழன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு வடக்குப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க் பிரிவில் 11 வருஷமாக வேலை செய்கிறேன். போன திங்கட்கிழமை நிதி அதிகாரி கூப்பிட்டு, “வர்ற ஏப்ரல்ல இருந்து உங்க பிரிவுக்குத் தனி பட்ஜெட் கிடையாது. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் மாசாமாசம் பில் போடுங்க, வர்ற பணத்துல ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டார். ஜனவரி முடிவதற்குள் விலைப்பட்டியல் வேண்டுமாம்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வருஷா வருஷம் மார்ச்சில் அவர் அறை வாசலில் நான்தான் போய் நிற்கிறேன். ஃபயர்வால் லைசென்ஸ் முடிகிறது, யூபிஎஸ் பேட்டரி மாற்ற வேண்டும், இணைய லைன் பணம், ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாத பானை மாதிரி அவருக்குத் தெரிகிறது. இந்தப் பணம் யாருக்காகச் செலவாகிறது என்று டிரஸ்ட் கூட்டத்தில் கேட்டால் அவரிடம் பதில் இல்லை. அந்தப் பதிலை நான் அவருக்கு எழுதிக் கொடுத்ததும் இல்லை.

எதை வைத்து பில் போடுவது என்பதுதான் கேள்வி. சுவரில் நெட்வொர்க் கேபிள் சொருகும் போர்ட்டை எண்ணுவதா, ஆளை எண்ணுவதா, டேட்டாவை அளப்பதா? உங்கள் இடத்தில் யாராவது செய்து பார்த்திருந்தால் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் எலஹங்கா பக்கம் ஒரு கல்லூரியில் கணக்குப் பிரிவில் இருப்பவன், அதனால் நிதி அதிகாரி பக்கம் நின்றே பேசுகிறேன். இலவசமாகக் கிடைப்பதை யாரும் அளந்து கேட்பதில்லை. எங்கள் கல்லூரியில் ஒரு துறை 4 சர்வர் கேட்டு வாங்கியது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அதில் 3 சும்மா ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம், ஏசி எல்லாம் பொதுக் கணக்கில் போயிற்று. மாதம் ஒரு பில் கையில் வந்திருந்தால் இரண்டாவது மாதமே திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

விலை போடும் முன் முழுச் செலவையும் எழுதுங்கள். பெரும்பாலோர் வெளியே கொடுக்கும் பில்லை மட்டும் கூட்டுகிறார்கள். உங்கள் ஆட்களின் சம்பளம், மின்சாரம், தேய்மானம், இவற்றோடு ஜிஎஸ்டியையும் சேருங்கள். மாணவர்களிடம் வாங்கும் கல்விக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அந்த விலக்கினாலேயே, நாம் வாங்கும் பொருளுக்கும் ஏஎம்சிக்கும் கட்டும் 18% வரியை எதிலும் கழித்துக்கொள்ள முடியாது. 50 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் என்றால் கையை விட்டுப் போவது 59 லட்சம்.

ஒரே நிறுவனத்துக்குள் துறைக்குத் துறை பில் போடுவது வெறும் உள்கணக்கு மாற்று, அதற்கு வரி இல்லை. உங்கள் வளாகத்தில் ஸ்டார்ட்அப் கம்பெனிகளுக்கு இடம் கொடுத்து இணையமும் கொடுக்கிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு. அவர்கள் மாணவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. அந்த வருமானம் வரிக்குள் வரும். இரண்டையும் ஒரே ரசீதுப் புத்தகத்தில் கலக்காதீர்கள்.

---

பழைய கம்ப்யூட்டர் சென்டர் எழுதியது:

தம்பி, போர்ட் கணக்கு மட்டும் வேண்டாம். நான் பட்டதைச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற இடத்தில் (பெயர் வேண்டாம்) சுவர் போர்ட் ஒன்றுக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று வைத்தோம். ஒரே வருஷத்தில் போர்ட் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. கம்ப்யூட்டர் ஒன்றுகூடக் குறையவில்லை. துறைகள் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாக 8 போர்ட் டப்பா வாங்கி, ஒரே போர்ட்டிலிருந்து எட்டுப் பேருக்குப் பிரித்துக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாங்கள் வைத்த விலை அப்படிச் செய்யச் சொன்னது, செய்தார்கள். ஒரு நாள் ஆய்வகத்தில் யாரோ கேபிளின் இரண்டு முனையையும் அதே டப்பாவிலேயே சொருகிவிட்டார்கள். ஒரே செய்தி உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகி, மூன்று மாடிக் கட்டடத்தின் நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிட்டது. மதிப்பெண் ஏற்றும் வாரம் அது. எந்த அறையில் அந்த டப்பா இருக்கிறது என்பது எங்கள் வரைபடத்தில் இல்லை. ராத்திரி 2 மணி வரை கதவு கதவாகத் தட்டித் தேடினோம்.

மெயின்ஃப்ரேம் காலத்தில், அதாவது ஒரே பெரிய கம்ப்யூட்டரை எல்லோரும் பகிர்ந்த காலத்தில், சிபியு நேரத்துக்குக் காசு கணக்கு வைத்தது உலகம் முழுக்க இருந்த வழக்கம். அதில் ஒரு நியாயம் இருந்தது. ஒருவர் வேலை ஓடினால் அடுத்தவர் வரிசையில் நிற்க வேண்டும். ராத்திரி நேரத்துக்குக் குறைந்த விலை வைத்தால் அவசரமில்லாதவர்கள் ராத்திரிக்குத் தள்ளிப்போவார்கள், பகல் நெரிசல் குறையும். அங்கே விலை ஒரு வேலை செய்தது. சுவர் போர்ட்டில் அப்படி என்ன இருக்கிறது? நீ சொருகினால் எனக்கு என்ன குறைந்துவிடும்? கேபிள் இழுத்தாயிற்று, சுவிட்ச் வாங்கியாயிற்று. அடுத்தவனுக்கு இடைஞ்சல் வரும் இடத்தில் மட்டும் விலை வை தம்பி. ஜிபியு (பெரிய கணக்கீடுகளை வேகமாகச் செய்யும் சிப்), பெரிய ஸ்டோரேஜ், தனி சர்வர், இந்த மாதிரி.

---

கடல் கடந்தவன் எழுதியது:

மேலே ஐயா சொன்னதோடு அமெரிக்கக் கதை ஒன்றைச் சேர்க்கிறேன். நான் ஜெயநகரில் வளர்ந்தவன். இப்போது இங்கே ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் ஐடி பிரிவில் இருக்கிறேன்.

இங்கே ரொம்ப நாள் பல வளாகங்களில் டேட்டா நெட்வொர்க்குக்குச் சோறு போட்டது தொலைபேசிதான். மேசை போன் ஒன்றுக்கு மாத வாடகை, வெளியூர் அழைப்பில் கொஞ்சம் கூடுதல். அந்த உபரியில் கேபிள் இழுத்தார்கள், ரௌட்டர் வாங்கினார்கள். செல்போன் வந்ததும் துறைகள் மேசை போனைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தன. போன் வருமானம் வற்றிய அதே வருஷங்களில்தான் நெட்வொர்க் செலவு ஏறியது. கடைசியில் பல இடங்களில் போன் வாடகையை விட்டுவிட்டு ஊழியர் தலைக்கு இவ்வளவு என்று மாற்றினார்கள். ஒன்றின் செலவை வேறொன்றின் பில்லில் ஒளித்து வைத்தால், அந்த ‘வேறொன்று’ போகும் நாளில் இரண்டும் போய்விடும்.

இங்குள்ள விதியையும் சொல்கிறேன், கணக்குப்பிள்ளைக்குப் பயன்படும். மத்திய அரசின் ஆராய்ச்சிப் பணத்திலிருந்து உள் சேவைக்குக் கட்டணம் எடுப்பதென்றால் மூன்று கட்டுப்பாடு: உள்ளே எல்லோருக்கும் ஒரே விலை, உண்மையான பயன்பாட்டுக்கு மட்டும் பில், மொத்தத்தில் செலவுக்கு மேல் வசூல் கூடாது. கூடுதலோ குறைவோ வந்தால் குறைந்தது 2 வருஷத்துக்கு ஒருமுறை விலையைத் திருத்த வேண்டும். ஓவர்ஹெட் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பொதுச் செலவை மறுபடியும் தனி பில்லாக அதே திட்டத்தில் போட முடியாது. ஒரே செலவை இரண்டு தரம் வாங்கியதாகத் தணிக்கையில் பிடிப்பார்கள்.

இங்கிலாந்தில் 2005லிருந்து ஆராய்ச்சித் திட்டத்தின் முழுப் பொருளாதாரச் செலவையும் கணக்கிட்டு, அதில் 80% ஆராய்ச்சி கவுன்சில்கள் கொடுக்கின்றன. மீதியைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

---

அல்சூர் ஆசிரியை எழுதியது:

நான் மொழித் துறையில் பாடம் எடுப்பவள். இந்த இழையில் எல்லோரும் கணக்கு அறிந்தவர்களாக இருக்கிறீர்கள். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இது எப்படி வந்து விழும் என்று சொல்கிறேன்.

எங்கள் துறையில் 5 ஆசிரியர்கள். திட்டப் பணம் எதுவும் கிடையாது. ஆனால் பி.காம்., பி.எஸ்சி., பி.சி.ஏ. என்று எல்லாப் பிள்ளைகளும் முதல் இரண்டு வருஷம் மொழிப்பாடத்துக்கு எங்களிடம்தான் வருகிறார்கள். மாணவர் தலையை எண்ணி பில் போட்டால், வளாகத்திலேயே பெரிய பில் வருவது எங்களுக்குத்தான். எங்கள் வகுப்பறையில் ஒரு புரொஜெக்டர், ஒரு பழைய மடிக்கணினி. எங்கள் தலையில் அவ்வளவு பெரிய தொகையா?

இன்னொன்று மனதை அறுக்கிறது. கோலார் தங்கவயல் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அங்கே தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களின் பெரியவர்களிடம் பேச்சைப் பதிவு செய்து வருகிறோம். சுரங்கத்துக்குள் பாடிய பாட்டு, கூண்டில் இறங்கும்போது சொல்லும் வார்த்தை, கன்னடமும் தெலுங்கும் கலந்த அவர்கள் தமிழ், எல்லாம் வீடியோவாக இருக்கிறது. பேசியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. அந்தப் பதிவு எங்கள் பல்கலைக்கழக சர்வரில்தான் இருக்கிறது. ஜிகாபைட்டுக்கு மாதம் இவ்வளவு என்று பில் வந்தால் என் துறைத்தலைவர் என்ன செய்வார்? அழிக்கச் சொல்வார். சொல்லத்தான் வேண்டியிருக்கும், அவரிடம் காசு இல்லை. ஸ்டோரேஜை மிச்சப்படுத்தியதாக ஒரு அறிக்கையில் எழுதுவார்கள். போனது என்னவென்று அந்த அறிக்கையில் இருக்காது.

---

யஷ்வந்த்பூர் தமிழன் எழுதியது:

மேடம், உங்கள் பதிவைப் படித்துவிட்டு இன்று எங்கள் ஸ்டோரேஜ் பட்டியலைத் திறந்து உட்கார்ந்தேன். அதிகம் இடம் பிடித்திருக்கும் 10 ஃபோல்டரில் 6, போன ஆசிரியர்களும் முடிந்த திட்டங்களும் விட்டுச் சென்றவை. யாருடையது என்று கேட்க ஆள் இல்லை. மூன்று, நிர்வாக அலுவலகத்தின் சிசிடிவி பதிவு. ஒன்றே ஒன்றுதான் உங்களுடையது போன்ற ஆவணச் சேகரிப்பு. விலை வைத்தால் அந்த ஒன்பதும் அசையாது, ஏனென்றால் பில் வாங்க ஆள் இல்லை, அல்லது பில் நிர்வாகத்துக்கே போகும். ஆவணம்தான் முதலில் அழியும். இதை நான் யோசித்ததே இல்லை. நன்றி.

---

ஓசூர் ரோடு பெற்றோர் எழுதியது:

நான் ஐடி துறை ஆள் இல்லை, கட்டணம் கட்டுபவன். மகள் படிக்கும் கல்லூரி ரசீதில் கல்விக் கட்டணம் ஒரு வரி, ‘தொழில்நுட்ப வசதி’ என்று இன்னொரு வரி, விடுதியில் வைஃபைக்கு மூன்றாவது. துறைக்கு பில், துறை என்ன செய்யும்? சுற்றிச் சுற்றி எங்கள் ரசீதில்தான் வந்து நிற்கும். தனிக் கட்டணமாக வாங்கினால் அது எதற்குச் செலவானது என்று வருஷக் கடைசியில் ஒரு தாளாவது ஒட்டுங்கள். கர்நாடகத்தை எதிர்த்த டி.எம்.ஏ. பாய் ஃபவுண்டேஷன் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, வளர்ச்சிக்காக நியாயமான உபரி வைக்கலாம், கொள்ளை லாபம் கூடாது என்று. உபரி நியாயமா இல்லையா என்பது கணக்கைக் காட்டினால்தானே தெரியும்?

---

முனிர்கா வாசி எழுதியது:

டெல்லியிலிருந்து எழுதுகிறேன். மத்தியப் பல்கலைக்கழகத்தில் இதே நோய்க்கு வேறு முகம். எங்களுக்குப் பணம் வருவதே தலைப்பு வாரியாக: 31 பொதுச் செலவு, 35 மூலதனச் சொத்து, 36 சம்பளம். 35இல் பணம் வந்தால் புது சர்வர், புது வைஃபை எல்லாம் வாங்கலாம், வாங்குவதும் அரசின் கெம் கொள்முதல் தளம் வழியாகத்தான். மூன்று வருஷ வாரன்ட்டி முடிந்ததும் அதன் ஏஎம்சியும் லைசென்ஸ் புதுப்பித்தலும் 31இல் வந்து உட்காரும். தண்ணீர், மின்சாரம், காவல், துப்புரவு எல்லாம் அதே 31இல்தான். ஒரு தலைப்புப் பணத்தை இன்னொன்றுக்கு நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதனால் வாங்க வழி இருக்கும், காப்பாற்ற வழி இருக்காது. லைசென்ஸ் முடிந்த ஃபயர்வால் விளக்கு எரிந்துகொண்டு ரேக்கில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு ஒரு வசதி, பெரிய செலவுகள் சிலவற்றை மேலேயே ஏற்றுக்கொண்டார்கள். கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை அதிவேக இணைப்பில் சேர்க்கும் தேசிய அறிவு வலையமைப்பு 2010இல் 5,990 கோடி ரூபாய் ஒதுக்கி 10 வருஷத் திட்டமாக ஒப்புதல் ஆனது. ஆய்விதழ் சந்தாவுக்கு 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்தது, 2025 முதல் 2027 வரை 3 வருஷத்துக்கு 6,000 கோடி. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான சமர்த் மென்பொருள் வழியாகச் சேர்க்கை முதல் சம்பளம் வரை பல இடங்களில் ஓடுகிறது. ஒவ்வொரு பல்கலையும் தனித்தனியே பேரம் பேசியிருந்தால் என்ன விலை வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பொதுவாகத் தேவைப்படுவதைப் பொதுவாக வாங்குவதுதான் மலிவு. உங்கள் வளாகத்துக்குள்ளும் அதே நியாயம்தானே?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னதை ஏற்கிறேன். தலைக்கணக்கு மொழித் துறையை நசுக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மாணவர் எந்தப் பட்டத்தில் சேர்ந்தாரோ அந்தத் துறைக் கணக்கில் வைக்க வேண்டும், யார் பாடம் எடுக்கிறார்கள் என்பதில் வைக்கக் கூடாது.

பெரியவரோடு மட்டும் ஒரு விஷயத்தில் முரண்படுகிறேன். பில் வேண்டாம் என்றால் சுவிட்ச் பழசாகும்போது புது சுவிட்ச் எங்கிருந்து வரும்? எடுத்துக்காட்டுக்கு 300 சுவிட்ச், ஒன்று 1 லட்சம் என்று வைப்போம். 3 கோடி. 7 வருஷம் உழைக்கும் என்றால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 43 லட்சம் எடுத்து வைக்க வேண்டும். 6,000 மாணவர் என்றால் தலைக்கு வருஷம் 715 ரூபாய் சுமார். பயப்படுகிற தொகை இல்லை. எடுத்து வைக்காமல் இருந்துவிட்டு எட்டாம் வருஷம் போய் 3 கோடி கேட்டால்தான் டிரஸ்ட் மயங்கி விழும்.

அறக்கட்டளை நிறுவனங்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வரிவிலக்கு வேண்டுமானால் வருமானத்தில் 85% அந்த வருஷமே நோக்கத்துக்குச் செலவாக வேண்டும். சேமித்து வைக்க வேண்டும் என்றால் எதற்காக என்று குறிப்பிட்டுப் படிவம் 10 கொடுத்து, 5 வருஷம் வரை ஒதுக்கலாம் என்பதுதான் 1961 வருமான வரிச் சட்டத்தில் பழகிய வழி. ஆகவே 7 வருஷப் பொருளுக்கு முதல் வருஷமே சேமிக்க ஆரம்பித்தால் காலக்கெடு தாண்டிவிடும். மூன்றாம் வருஷம் ஆரம்பியுங்கள், அல்லது மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றாமல் வருஷத்துக்கு ஏழில் ஒரு பங்கு மாற்றிக்கொண்டே வாருங்கள். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன். சேமிப்பே தேவைப்படாது, வருஷச் செலவும் ஏறி இறங்காது. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

---

பழைய கம்ப்யூட்டர் சென்டர் எழுதியது:

கணக்குப்பிள்ளை, அந்தப் பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை மேலிருந்து ஒரே தொகையாக எடுங்கள் என்கிறேன். துறைக்குத் துறை பில் போட்டு, அதை மறுத்து வரும் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு ஆள் வைத்து வசூலித்தால், வசூல் செலவே பாதியைத் தின்னும்.

பாதுகாப்புக்கும் இதுதான். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, சைபர் தாக்குதல் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களிடம் சொல்ல வேண்டும், 180 நாள் லாக் (கணினிகளில் நடந்ததன் பதிவு) நாட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். இதில் வேதியியல் துறை “எனக்கு லாக் வேண்டாம், பில்லைக் குறை” என்று சொல்ல முடியுமா? சொல்லவே முடியாத ஒன்றுக்கு விலைப்பட்டியல் எதற்கு?

---

கடல் கடந்தவன் எழுதியது:

இலவசம் என்று நம்பிக் கணக்கில் சேர்க்காமல் விட்டதையும் பாருங்கள். கூகுள் கல்விக் கணக்கில் வரம்பில்லாத இடம் இருந்தது. 2021இல் அறிவித்து, 2022 ஜூலையிலிருந்து நிறுவனம் மொத்தத்துக்கும் சேர்த்து 100 டெராபைட் என்றாக்கினார்கள். அதற்கு மேல் வேண்டும் என்றால் காசு. அந்தச் செலவு உங்கள் பட்டியலில் இருக்கிறதா?

---

யஷ்வந்த்பூர் தமிழன் எழுதியது (மார்ச் மாதம்):

இழையைத் தூக்கி மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

ஜனவரியில் விலைப்பட்டியலோடு போகவில்லை. இரண்டு தாள் கொண்டுபோனேன். முதல் தாளில் முழுச் செலவு, கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி சம்பளம், மின்சாரம், ஜிஎஸ்டி எல்லாம் உள்ளே. நிதி அதிகாரி அதை ரொம்ப நேரம் பார்த்தார். “இத்தனை வருஷத்துல இதை நீங்க எனக்குக் காட்டினதே இல்லையே” என்றார். உண்மைதான்.

இரண்டாம் தாளில் மூன்று கட்டம் போட்டிருந்தேன். நெட்வொர்க், வைஃபை, மின்னஞ்சல், பாதுகாப்பு, பேக்கப் இவை பொது, பல்கலைக்கழக வருமானத்திலிருந்து மேலேயே ஒரே தொகையாக எடுப்பது, வருஷத்துக்கு ஏழில் ஒரு பங்கு சுவிட்ச் மாற்றும் செலவும் அதிலேயே. ஜிபியு, தனி சர்வர், ஸ்டார்ட்அப் அறைகளின் இணையம், இவற்றுக்கு விலை. ஆவணச் சேகரிப்புக்கு நூலகத்தின் கீழ் ஒரு தனி ஒதுக்கீடு. நூலகர் ஒப்புதல் இல்லாமல் அழிக்கக் கூடாது, துறைக்கு பில் இல்லை. இந்த மூன்றாவதை விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று முடிவு செய்துதான் போனேன்.

முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. பொதுச் செலவையும் துறைவாரியாகப் பிரித்து, பணம் கேட்காமல் தகவலுக்காக மட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாத் துறைத்தலைவருக்கும் அனுப்ப வேண்டும் என்றார். ஒரு வருஷம் அப்படி ஓடட்டும், அப்புறம் பில் பற்றிப் பேசலாம் என்றார். எனக்கு அது போதும். கட்டணப் பணம் எதற்குச் செலவாகிறது என்ற தாளை மாணவர் பலகையில் ஒட்டவும் கேட்டேன், ஓசூர் ரோடு ஐயா. அதற்கு இன்னும் பதில் வரவில்லை, கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இப்போது ஜிபியு விலையில் நிற்கிறேன். 2 கிலோவாட் இழுக்கும் சர்வர் நிற்காமல் ஓடினால் மாதம் 1,440 யூனிட். ஏசியையும் சேர்த்து ஒன்றரை மடங்கு வைத்தால் 2,160. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலே மின்சாரம் மட்டும் 17,280 ரூபாய். ஆனால் அந்த ஒன்றரை மடங்கு என் ஊகம். பெஸ்காம் மின்சார பில் வளாகம் முழுவதற்கும் ஒன்றாகத்தான் வருகிறது, சர்வர் அறை எவ்வளவு இழுக்கிறது என்று யாரும் அளந்ததில்லை. ஊகத்தை வைத்து ஆராய்ச்சி மாணவரிடம் காசு கேட்க மனசு வரவில்லை. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி சப்-மீட்டர் வைக்கச் சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறது. ஒரு மாத ரீடிங் எடுத்ததும் எண்களை இங்கே போடுகிறேன்.

---

அல்சூர் ஆசிரியை எழுதியது:

தம்பி, அந்த இரண்டாம் தாளின் வடிவத்தை எனக்கு அனுப்ப முடியுமா? எங்கள் நூலகரிடம் சனிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன்.